தலைத் தீபாவளிக்கு வரும் மாப்பிள்ளையும் இரண்டு பூனைகளும்

ஏற்காட்டிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் மகளுக்குத் தலைத் தீபாவளி. மாப்பிள்ளைக்குப் பூனை ஆகாது, பக்கத்தில் வந்தாலே தும்மலும் கண் அரிப்பும். வீட்டில் ஏழு வருடமாக இரண்டு பூனைகள். அந்த மூன்று நாள் பூனைகளை வேறு வீட்டில் விட்டால் போதுமா, இல்லை முடியை ஒட்ட வெட்டிவிடலாமா என்று கேட்கிறார்.

இரண்டும் வேண்டாம் அம்மா. அலர்ஜி முடியால் வருவதில்லை. பூனையின் எச்சிலிலும் தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையிலும் ஒரு புரதம் இருக்கிறது. பூனை நக்க நக்க அது உடம்பெல்லாம் பரவி, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர்ந்து, மெத்தை, திரைச்சீலை, சுவர் என்று எங்கும் ஒட்டிக்கொள்ளும். பூனையே இல்லாமல் போனாலும் அது குறைய நான்கைந்து மாதம் ஆகும். மூன்று நாள் அனுப்பினால் பூனைக்குத்தான் கஷ்டம்.

வீடு முழுவதையும் சரி செய்யப் பார்க்காதீர்கள். மாப்பிள்ளை படுக்கப்போகும் அறை ஒன்று போதும், ஆனால் இன்றைக்கே அதன் கதவை மூடுங்கள். பூனை படுத்துப் பழகிய இலவம்பஞ்சு மெத்தை அந்த அறையில் இருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள், அதைத் துவைக்க முடியாது. திரை, போர்வை, கம்பளி எல்லாவற்றையும் இப்போதே துவைத்து வெயிலில் போடுங்கள், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மலையில் எதுவும் காயாது. துடைப்பத்தால் பெருக்கினால் தூள் மேலே கிளம்பும், ஈரத்துணியால் சுவர் வரை துடையுங்கள். ஃபினாயில் மட்டும் வேண்டாம், அது பூனைக்கு விஷம், சோப்புத் தண்ணீர் போதும்.

இந்த மாதிரி நேரத்தில்தான் ஆட்கள் வந்து சேர்வார்கள். ‘அலர்ஜியே வராத பூனை’ என்று குட்டியைக் காட்டிப் பல ஆயிரம் கேட்கும் தரகரை நம்பாதீர்கள், அப்படி ஒரு ஜாதியே கிடையாது, முடி இல்லாத பூனைக்கும் எச்சில் உண்டு. அடுத்தது, வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து நூறு பொருளுக்கு அலர்ஜி டெஸ்ட் செய்யும் பேக்கேஜ். சேலத்தில் என்னிடம் வருபவர்களில் பலர் அந்தக் காகிதத்தோடுதான் வருகிறார்கள், அதைப் பார்த்துப் பாலையும் முட்டையையும் நிறுத்திப் பிள்ளைகளை மெலிய வைத்திருக்கிறார்கள். ரத்தத்தில் பாசிட்டிவ் என்றால் நோய் என்று அர்த்தமில்லை. அதை யாரும் சொல்லாமலே பணம் வாங்குகிறார்கள், கேட்பார் இல்லை. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் பொட்டலம் கட்டித் தரும் மாத்திரையும் அப்படித்தான், உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம், தும்மல் உடனே நின்றதும் நல்ல மருந்து என்று நினைத்துக்கொள்கிறோம்.

நான் சொன்னதெல்லாம் தும்மல், கண் அரிப்புக்கு மட்டும்தான். மாப்பிள்ளைக்கு வீசிங் உண்டா? மகளிடம் இன்றே கேளுங்கள். சின்ன வயதில் இன்ஹேலர் எடுத்தாரா, இரவில் இருமி எழுந்துகொள்வாரா, பூனை உள்ள வீட்டில் நெஞ்சு இறுகியதுண்டா, எல்லாவற்றையும் கேளுங்கள். புது மாப்பிள்ளை, கூச்சத்தில் ‘அதெல்லாம் இல்லை’ என்பார், அவர் அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உண்டு என்றால் என் யோசனை எதுவும் போதாது. குளிர், ஈரம், பட்டாசுப் புகை, பூனை நான்கும் சேர்ந்தால் நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு கொண்டை ஊசி வளைவுகளில் சேலத்துக்கு இறங்க வேண்டிவரும். அவர் இரவு வேறு இடத்தில் தங்கட்டும், பகலில் வந்து போகட்டும், இன்ஹேலர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். மரியாதைக் குறைவென்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

வீசிங் இல்லையென்றால், மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயை டாக்டரைக் கேட்டு ஒரு வாரம் முன்பே தொடங்கச் சொல்லுங்கள், அது மெதுவாகத்தான் வேலை செய்யும். தும்மலுக்குப் போடும் செட்ரிசின் மாத்திரையால் தூக்கம் வரலாம், போட்டுக்கொண்டு மலையில் வண்டி ஓட்டக் கூடாது.

அப்புறம் தீபாவளி அன்று. முதல் வெடிக்கே பூனைகள் ஆளில்லாத அறையாகப் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கும், அது மாப்பிள்ளை அறையாகத்தான் இருக்கும். அதனால் முந்தின இரவே பூனைகளைப் பின்னறையில் தண்ணீர், சாப்பாடு, மணல் தட்டோடு வைத்துக் கதவைச் சாத்துங்கள். மஞ்சள் தடவி வைக்கும் புதுத்துணியைத் தாம்பாளத்தில் திறந்து வைக்காமல் பீரோவில் வையுங்கள், மடித்த துணியைக் கண்டால் பூனை அதன்மேல்தான் உட்காரும். பூனையைத் தூக்கிய கையோடும் புடவையோடும் நீங்கள் அவர் கட்டிலில் உட்காராதீர்கள்.