எம்டிஎஸ் ஃபைலை மட்டும் உருவி எடுக்காதீர்கள்

கேள்வி: ஒன்றரை மணி நேர மேடை நாடகத்தை கேம்கார்டரில் நிறுத்தாமல் எடுத்தேன். கார்டுக்குள் 00000.எம்டிஎஸ், 00001.எம்டிஎஸ் என்று ஆறு வீடியோ ஃபைல்கள் இருந்தன. அவற்றை மட்டும் கம்ப்யூட்டரில் போட்டு எடிட்டிங் சாஃப்ட்வேரில் வரிசையாக வைத்தால், ஒவ்வொரு ஒட்டிலும் வசனம் சட்டென்று விழுங்கப்படுகிறது. கேமரா பழுதா?

பதில்: கேமரா மேல் பழி போடாதீர்கள், அது ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறது. எஸ்டிஎச்சி மெமரி கார்டுகளில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, பல கேமராக்கள் 2 ஜிபி ஆனதுமே அடுத்த ஃபைலுக்குத் தாவிவிடும். நொடிக்கு 17 மெகாபிட் தரத்தில் எடுத்தால் சுமார் 16 நிமிடத்துக்கு ஒரு வெட்டு, ஒன்றரை மணி நேரத்துக்கு ஆறு ஃபைல், உங்கள் கணக்கு சரியாக வருகிறது பாருங்கள். ஆனால் கேமரா வெட்டுவது வசனம் முடிந்ததா என்று பார்த்து அல்ல. முதல் ஃபைலின் வாலில் தொடங்கிய ஒலித் துணுக்கு அடுத்த ஃபைலின் தலையில்தான் முடியும். இரண்டையும் தனித்தனியாகப் படிக்கிற சாஃப்ட்வேர் அரைகுறையாக நிற்பதைத் தூக்கிப் போட்டுவிடுகிறது, அதுதான் நீங்கள் கேட்கும் அந்த விழுங்கல்.

இந்த ஆறும் ஒரே காட்சி என்ற குறிப்பு கார்டிலேயே இருக்கிறது, ஆனால் எம்டிஎஸ் கிடக்கும் 'ஸ்ட்ரீம்' ஃபோல்டரில் இல்லை, பக்கத்தில் இருக்கும் 'பிளேலிஸ்ட்', 'கிளிப்இன்ஃப்' ஃபோல்டர்களில். சில கேபி அளவுள்ள குட்டி ஃபைல்கள், எதற்கென்றே தெரியாது. நானும் ஒரு முறை குப்பை என்று நினைத்து அவற்றை விட்டுவிட்டு, அப்புறம் கார்டை ஃபார்மட்டும் செய்து தொலைத்தவன்தான்.

கார்டு இன்னும் அழியாமல் இருந்தால் கதை சுலபம். கம்ப்யூட்டரில் கார்டுக்கு ஒரு புது ஃபோல்டர் உண்டாக்கி, 'பிரைவேட்' ஃபோல்டரை உள்ளே எதையும் தொடாமல், பெயரையும் மாற்றாமல் அப்படியே காப்பி செய்யுங்கள். பிறகு ஃபைலை இழுத்துப் போடாமல் சாஃப்ட்வேரின் இம்போர்ட் வழியாகப் போங்கள். ப்ரீமியர் ப்ரோவில் அதற்கு மீடியா பிரவுசர் என்று பெயர். ஆறு துண்டும் அங்கே ஒரே கிளிப்பாகத் தெரியும்.

கார்டு அழிந்துவிட்டதா? அப்போதும் வழி இருக்கிறது. எம்டிஎஸ் என்பது ஓடுகிற நீர் மாதிரியான அமைப்பு, ஒன்றன் வாலில் இன்னொன்றை ஒட்டினால் போதும். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, காப்பி கட்டளையை பைனரி முறையில் (copy /b) கொடுத்து, ஆறையும் எண் வரிசைப்படி ஒரே ஃபைலாக இணையுங்கள். தரம் கொஞ்சமும் குறையாது. ஒரே மூச்சில் எடுத்த காட்சிக்கு மட்டும்தான் இது, வேறு வேறு தடவை எடுத்தவற்றை இப்படி ஒட்டினால் குழப்பம்தான் மிஞ்சும்.

கேள்வி: பழைய மினி டிவி (MiniDV) கேசட் வீடியோ கேமராவை யுஎஸ்பியில் இணைத்தால் ஃபோட்டோ மட்டுமே வருகிறது, வீடியோ எங்கே?

பதில்: கேசட்டில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கேமராக்கள் பலவற்றில் யுஎஸ்பி இருப்பது மெமரி கார்டில் உள்ள ஃபோட்டோவுக்குத்தான். வீடியோவுக்கு ஃபயர்வயர் என்ற கேபிளை மாட்டும் ஓட்டை வேறாக இருக்கும், சோனி கேமராவில் ஐ.லிங்க் என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டரிலும் அந்த இணைப்பு வேண்டும். இதில் காப்பி என்ற பேச்சே கிடையாது, ஒரு மணி நேர கேசட் ஓடி முடிய ஒரு மணி நேரம், ஓட ஓட சாஃப்ட்வேர் அதைக் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டே (கேப்சர்) வரும். மணிக்கு ஏறக்குறைய 13 ஜிபி பிடிக்கும், அதனால் ஃபேட்32 டிரைவில் சேமிக்காதீர்கள். வருடக்கணக்காகக் கிடந்த கேசட் என்றால் முதலில் ஒரு முறை கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டு ஆரம்பியுங்கள்.