வரிசைப்படுத்தியதும் புள்ளிகள் இடம் மாறியது ஏன்?

திருகோணமலை மாவட்ட ஆசிரியர்கள் எக்செல் பற்றிக் கேட்டவை இம்முறை.

கேள்வி: தரம் 6 முதல் 11 வரை 640 பிள்ளைகளின் விபரம் ஒரே கோப்பில் உள்ளது. பெயர்களை அகர வரிசைப்படுத்தினேன். இப்போது ஒருவரின் புள்ளி இன்னொருவரின் பெயருக்கு நேரே நிற்கிறது. மீட்கலாமா?
– ஆசிரியை, மூதூர்

பதில்: கோப்பை மூடவில்லை என்றால் கொன்ட்ரோல்+இசட் அழுத்திப் பின்னுக்குப் போங்கள். மூடியாயிற்று என்றால் பழைய பிரதியைத்தான் தேடவேண்டும். வலயக் கல்விப் பணிமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் 'அனுப்பியவை'யில் ஒன்று கிடக்கும்.

ஒரு நிரலை மட்டும் தெரிவுசெய்து வரிசைப்படுத்தும்போது, பக்கத்து நிரல்களையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்றுவிடுகிறோம். கேட்காமலே குழப்பும் இன்னொன்று, அழகுக்காக நடுவில் விட்ட வெற்று நிரல். அட்டவணை அங்கேயே முடிந்தது என்று எக்செல் எடுத்துக்கொண்டு, இடப்பக்கத்தை மட்டும் மாற்றிவிடும்.

இனிமேல் தலைப்பு ஒரே நிரையில் இருக்கட்டும். மெர்ஜ் செய்த, அதாவது ஒன்றாக இணைத்த கட்டம் ஒன்றும் வேண்டாம். உள்ளே ஒரு கட்டத்தில் நின்று கொன்ட்ரோல்+டி (T) அழுத்தி அட்டவணையாக்கினால் நிரைகள் முழுதாகவே நகரும். வகுப்புக்கொரு தாளாகப் பிரிக்காமல் ஒரே தாளில் வைத்திருப்பது நல்லதுதான். 'வகுப்பு' என்றொரு நிரல் போட்டு ஃபில்டர் செய்யுங்கள்.

கேள்வி: வேறொரு பட்டியலிலிருந்து பெயரை வைத்துத் தேடியெடுக்க வீலுக்கப் (VLOOKUP) சூத்திரம் போட்டால் பாதிப் பேருக்கு 'என்/ஏ' (கிடைக்கவில்லை) வருகிறது. பெயர்கள் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன.
– ஆசிரியர், கிண்ணியா

பதில்: ஒரு பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவிலும் மற்றது யூனிகோட் என்ற பொதுக் குறியீட்டு முறையிலும் இருக்கலாம். பாமினியில் அடித்த 'அம்மா' உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துருவை மாற்றிப் பாருங்கள், குட்டு வெளிப்படும். மாற்றி மென்பொருளில் கொடுத்து யூனிகோடாக்கிக்கொள்ளுங்கள்.

ஆனாலும் பெயரை வைத்துப் பொருத்தவே வேண்டாம். முதலெழுத்து முன்னும் பின்னும் வரும். ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள். சேர்விலக்கத்தால் பொருத்துங்கள். அந்த நிரலை, இலக்கம் அடிக்கும் முன்பே 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். இல்லாவிட்டால் 0457 வெறும் 457 ஆகும். ஒரு பட்டியலில் எழுத்தாகவும் மற்றதில் எண்ணாகவும் இருந்தால் அங்கேயும் 'என்/ஏ'தான். வீலுக்கப்பின் கடைசி இடத்தில் 0 போட மறக்கவேண்டாம். விட்டால் 'கிட்டத்தட்ட' பொருந்துவதை எடுத்து வேறொரு பிள்ளையின் புள்ளியைச் சத்தமில்லாமல் தரும். பிழைச்செய்தியே இதைவிட மேல்.

புதிய அடையாள அட்டையின் 12 இலக்கமும் இப்படித்தான். சாதாரண கட்டத்தில் அடித்தால் 2.008 என்று தொடங்கிச் சுருங்கித் தெரியும். எண் உள்ளே பத்திரமாக இருக்கும். அந்தத் தோற்றத்திலேயே சிஎஸ்வியாக (CSV, வெறும் எழுத்துக் கோப்பு) சேமித்தால் மட்டும் கடைசி இலக்கங்கள் தொலைந்துவிடும்.

கேள்வி: பரீட்சைக்கு வராத பிள்ளைக்கு 0 போடுவதா, வெறுமையாக விடுவதா?
– தம்பலகாமம் வாசகர்

பதில்: 0 போடாதீர்கள். 40 பேரில் 38 பேர் எழுதி மொத்தம் 1976 புள்ளி என்றால் சராசரி 52. வராத இருவருக்கும் 0 போட்டால் 49.4 ஆகிவிடும். வெறுமையாக விட்டாலோ, மறந்துபோய் விட்டதா என்று தெரியாது. 'வரவில்லை' என்று எழுதுங்கள். ஆவரேஜ் அதைக் கணக்கில் எடுக்காது.

இதில் ஒரு பொறி உண்டு. 75க்கு மேல் 'ஏ', 65க்கு மேல் 'பி' என்று இஃப் (IF) சூத்திரம் எழுதியிருப்பீர்கள். எக்செலுக்கு எந்த எழுத்தும் எந்த எண்ணையும்விடப் பெரியது. ஆகவே வராத பிள்ளைக்கு 'ஏ' சித்தி கிடைத்துவிடும்! இஃபின் முதல் சோதனையாக, உள்ளே இருப்பது எண்தானா என்று பார்க்கும் இஸ்நம்பரைப் (ISNUMBER) போட்டு, எண் இல்லாவிட்டால் கோடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.