டயரின் வயதைச் சொல்லும் நான்கு இலக்கங்கள்

கேள்வி: பழைய கார் ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறேன். டயர்கள் கன்னங்கரேலென்று மின்னுகின்றன, பள்ளங்களும் ஆழமாக இருக்கின்றன. "புது டயர் மாதிரிதான்" என்கிறார் விற்பவர். அவற்றின் உண்மையான வயதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பள்ளத்தின் ஆழம் டயர் எவ்வளவு ஓடியது என்பதைத்தான் காட்டும், எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைக் காட்டாது. அதிகம் ஓடாமல் நின்றே கிடந்த காரில் பத்து வயது டயர்கூடப் பார்க்கப் புதிதாகவே தெரியும்.

வயது டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். ஈரத்துணியால் சேற்றைத் துடைத்துவிட்டு 'டிஓடி' (DOT) என்ற ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். அதைத் தொடர்ந்து எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை போகும். அதன் கடைசி நான்கு இலக்கங்கள் பெரும்பாலும் ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம், அதாவது ஜூன் தொடக்கம்.

பலர் தவறுவது இங்கேதான். 1223 என்பதை 2023 டிசம்பர் என்று படித்துவிடுகிறார்கள். அது 12ஆவது வாரம், மார்ச் மாதக் கடைசி. டயரில் வேறு எண்களும் உண்டு. முதல் இரண்டு இலக்கங்கள் 53ஐத் தாண்டினால் நீங்கள் பார்ப்பது தேதியே அல்ல. நான்குக்குப் பதில் மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முன் செய்த டயர். யோசிக்காமல் கழற்றிவிடுங்கள்.

வரிசை இருக்கிறது, தேதியை மட்டும் காணோம் என்றால் பதற வேண்டாம். முழு வரிசை ஒரு பக்கத்தில் மட்டுமே இருப்பது வழக்கம். அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருக்கும். முன்சக்கரத்துக்கு ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பினால் உள்பக்கம் தெரியும். பின்சக்கரத்துக்குக் கைபேசியைச் சக்கரத்தின் பின்னால் நீட்டி, விளக்கைப் போட்டு வீடியோ எடுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் ஒருபோதும் தலையை நுழைக்காதீர்கள். எழுத்து மங்கலாக இருந்தால் மேலே சாக்பீஸைத் தேய்த்தால் புடைத்தெழும். நான்கு டயரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரே காரில் மூன்று வெவ்வேறு தேதிகள் இருப்பது சாதாரணம்.

ஓடாத டயர் ஏன் கெடுகிறது? உள்ளே அடைத்த காற்றின் ஆக்சிஜன் ரப்பருக்குள் மெல்ல ஊடுருவி, அதை இறுக வைக்கிறது. சூடு இதை வேகப்படுத்தும். உள்ளிருக்கும் எஃகு இழைப் பட்டையின் ஓரத்தில் ரப்பரின் பிடி தளர்ந்தால், வேகமாகப் போகும்போது மேல்பகுதி உரிந்து வந்துவிடும். வெளிப்பக்கத்தை ஓசோனிலிருந்து காக்க ரப்பரில் ஒரு மெழுகு கலந்திருக்கிறார்கள். டயர் சுழன்று நெளியும்போதுதான் அது மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வரும். நின்றே கிடக்கும் டயர் வெடிப்பு விடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கவாட்டில் பழுப்பு நிறம் படிந்திருந்தால் அது அந்தப் பாதுகாப்புப் பொருளின் சாயல்தான். அதனால் கெடுதல் இல்லை.

நீங்கள் சொல்லும் அந்த மினுமினுப்புதான் எனக்கு நெருடுகிறது. பாலிஷ் பூசினால் மயிரிழை வெடிப்புகள் மறைந்துபோகும். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு, பக்கவாட்டையும் பள்ளங்களின் அடியையும் வெளிச்சத்தில் பாருங்கள். பக்கவாட்டில் எங்காவது புடைத்திருந்தால் உள்நூல் அறுந்திருக்கிறது என்று பொருள். போன மாதம் வாங்கிய டயராக இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும்.

எத்தனை ஆண்டு ஓட்டலாம்? கார் நிறுவனங்கள் பல ஆறு ஆண்டில் மாற்றச் சொல்கின்றன; உங்கள் காரின் கையேட்டில் இருப்பதைப் பின்பற்றுங்கள். ஐந்து ஆண்டு முடிந்ததும் ஆண்டுக்கு ஒரு முறை தேர்ந்தவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டுதான் கடைசி எல்லை, அதற்கு மேல் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் வேண்டாம். வெயிலிலேயே நிற்கும் காரென்றால் நான் ஆறையே எல்லையாக வைப்பேன். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் வயதைப் பார்க்காமலே மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் தேதியையும் படியுங்கள். அது பெரும்பாலும் கார் வாங்கிய நாளிலிருந்து அங்கேயே கிடப்பது. அதன் தேதி காரின் தயாரிப்பு ஆண்டோடு ஒத்துப்போய், ஓடும் நான்கும் அதே ஆண்டைக் காட்டினால், அவை ஒருமுறைகூட மாற்றப்படாதவை. ஐந்து டயருக்கான செலவையும் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.