கைக்கருவியில் ஒலிம்பிக்: பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாமா?

பத்து வயது மகனுக்கு ஒரு பழைய கைவிளையாட்டுக் கருவி கிடைக்க இருக்கிறது, ஓட்டம், பாய்தல், எறிதல் எல்லாம் அடங்கிய தொகுப்பு ஒன்றை அதற்கு வாங்கிக் கொடுத்தால் எத்தனை நாளைக்கு விளையாடுவான் என்று கேட்டிருக்கிறீர்கள். தனியே விளையாடினால் இரண்டு கிழமை. பக்கத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தால் இரண்டு வருடம்.

2011 இல் நாங்கள் இலங்கையின் வடக்கே உள்ள எங்கள் ஊரான விசுவமடுவுக்குத் திரும்பி, தகரக் கொட்டிலில் இருந்தோம். மின்சாரம் இல்லை. சுவிஸிலிருந்து வந்த சித்தப்பா, தன் மகன் கைவிட்ட, மேலும் கீழுமாக இரண்டு திரை கொண்ட நிண்டெண்டோ டிஎஸ் லைட் கைக்கருவி ஒன்றையும் ஒரேயொரு கேமையும் தந்துவிட்டுப் போனார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கை வைத்து வந்த, கேம் நாயகர்களான மாரியோவும் சொனிக்கும் முதன்முதலாக ஒன்றாகத் தோன்றிய தொகுப்பு அது.

முதல் வாரம் அண்ணன் அதை யாருக்கும் கொடுக்கவில்லை. இரண்டாம் வாரம் அவனுக்கே அலுத்துவிட்டது. ஒவ்வொரு போட்டியும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். கதை இல்லை, தேடிப் போக இடமும் இல்லை. பிறகு அக்கா ஒரு பழைய கொப்பியில் கோடு போட்டு, பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டி போல எங்களையும் மாமாவின் பிள்ளைகளையும் இரண்டு இல்லமாகப் பிரித்தாள். ஆளுக்கு ஒரு முறை, கருவி கைமாறும், நேரமும் தூரமும் கொப்பியில் ஏறும். அன்றிலிருந்துதான் அது விளையாட்டாயிற்று.

100 மீற்றர் ஓட்டத்துக்குக் கீழ்த்திரையில் குச்சியால் விடாமல் தேய்க்க வேண்டும். சம்மட்டி எறிதலுக்கு வட்டம் சுழற்ற வேண்டும். பள்ளிக்கூடத்து மைதானத்தில் எல்லோரையும் முந்தி ஓடும் அண்ணன், இதில் அக்காவிடம் ஒவ்வொரு நாளும் தோற்றான். திருவலையில் தேங்காய் திருவிப் பழகிய மணிக்கட்டுக்கு முன்னால் அவன் கால் என்ன செய்யும்?

மின்னேற்றுவது தனிக் கதை. சந்தியில் ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் கைத்தொலைபேசிகளுக்கு நடுவே காசு கொடுத்து வைத்துவிட்டு வருவோம். திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தால் 15 மணித்தியாலத்துக்கு மேல் நிற்கும் கருவி அது. மூன்று நாள் ஓட்டினோம்.

இனி, நீங்கள் பார்த்து வாங்க வேண்டியவை. உங்களுக்குக் கிடைப்பதும் டிஎஸ் என்றால், அதன் கீழ்த்திரை அழுத்தத்தை உணரும் வகை. தேய்த்துத் தேய்த்துக் கீறல் விழும். கையில் வாங்கியதும் நான்கு மூலையிலும் தொட்டுப் பாருங்கள், மெல்லிய பாதுகாப்புத் தாள் ஒன்றும் ஒட்டுங்கள். குச்சி தொலைந்தால் பேனை மூடியைக் கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுத்தோம், கிரவல் வீதிப் புழுதியும் சேர்ந்து திரை மங்கிப் போயிற்று. பழைய டிஎஸ் கேம்கள் அதற்குப் பின் வந்த 3டிஎஸ் கருவியிலும் ஓடும். ஆனால் அந்தக் காலத்து இணையச் சேவை 2014 மே மாதத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டதால், உலகத்தோடு போட்டி போடலாம் என்று மகனிடம் சொல்லிவிடாதீர்கள்.

புதிதாக வாங்கும் எண்ணம் வந்தால், சுவிட்ச் கருவிக்கென்று 2022 இல் வந்த நிண்டெண்டோ சுவிட்ச் ஸ்போர்ட்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. உதைபந்து, கரப்பந்து, பூப்பந்து எல்லாம் கையை வீசியே விளையாடலாம். ஒன்றைக் கவனியுங்கள்: விலை குறைந்த சுவிட்ச் லைட்டில் கைப்பிடிகள் கழலாது. கையை வீசி விளையாட, ஜோய்கொன் எனப்படும் கழன்ற கைப்பிடிகளைத் தனியாக வாங்க வேண்டும். அதை மறந்துவிட்டு வெறும் கருவியோடு வீட்டுக்குப் போனால் மகனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.