ஒரு கப் மைதா 240 கிராம் இல்லை

2 கப் மைதாவுக்கு 480 கிராம் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கேக் செங்கல் மாதிரி வந்ததற்குக் காரணம் அதுதான். 240 என்பது கப் கொள்ளும் மில்லிலிட்டர். தண்ணீருக்குத்தான் அது கிட்டத்தட்ட கிராமுக்கும் பொருந்தும். மைதாவில் இடையிடையே காற்று இருக்கிறது. ஸ்பூனால் கப்பில் அள்ளிப் போட்டு, மேலே கத்தியால் வழித்துவிட்டால் சுமார் 125 கிராம். கப்பையே மாவுக்குள் அமுக்கி அள்ளினால் 150 வரை போய்விடும் (நானும் வெகுநாள் அப்படித்தான் அள்ளினேன்). அதனால் உங்களுக்கு 250 கிராம் போதும். சர்க்கரை கப்புக்கு 200, வெண்ணெய் சுமார் 227. அப்புறம், கால் ஸ்பூன் சோடாவை நிறுக்க வேண்டாம். சமையலறைத் தராசு அவ்வளவு சின்ன எடையைச் சரியாகக் காட்டாது, ஸ்பூனே நல்லது.