முறுக்கிய போல்ட் மறுநாள் உடைவது ஏன்?

கேள்வி: எங்கள் சிறு பட்டறையில் ராணுவ வண்டிகளுக்கு 12.9 தர (மிக உறுதியான, கடினமான வகை) போல்ட் செய்து, துத்தநாக மின்முலாம் பூசி மாதிரி அனுப்பினோம். முறுக்கியபோது தாங்கியவை மறுநாள் தலை தெறித்துவிட்டன. எஃகு மட்டமா?

பதில்: எஃகைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் இது ஹைட்ரஜன் வேலை. அமிலத்தில் கழுவும்போதும் முலாமிடும்போதும் உள்ளே புகுந்துகொண்டு, இழுவிசை ஏறியபின் மெல்ல விரிசல் போடும். அதனால்தான் உடனே உடையாமல் மறுநாள் உடைகிறது. புகுந்த ஹைட்ரஜனை வெளியேற்ற, முலாம் முடிந்த 4 மணி நேரத்துக்குள் ஓவனில் 190–220 டிகிரி செல்சியஸில் வையுங்கள். 8 மணி நேரம் போதாமல் போகலாம், இந்தக் கடினத்துக்கு 24 வரை போகலாம். ஒப்பந்தத்தில் உள்ள நேர அளவே இறுதி. குரோமேட் பூச்சு (துத்தநாகத்தின் மேல் இடும் பாதுகாப்புப் படலம்) ஓவனுக்குப் பிறகுதான், முன்பே பூசினால் சூட்டில் கெடும். துருவை அமிலத்துக்குப் பதில் மணல் வீச்சில் எடுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை 48 மணி நேரம் முறுக்கியே வைத்துப் பாருங்கள்.