கல்லூரியில் உயிர்-நானோ அறிவியல் ஆய்வு தொடங்க, முதலில் எந்தக் கருவியை வாங்க வேண்டும்?

உங்கள் நிர்வாகத்துக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வாங்கித் திறப்பு விழா நடத்தும் ஆசை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள். உயிர்-நானோ என்றால் மிக நுண்ணிய துகள்கள் உயிருள்ள செல்களோடு எப்படிப் பழகுகின்றன என்று பார்ப்பது. அதனால் முதலில் பிடிக்க வேண்டியது கருவியை அல்ல, விலங்கியல் துறையில் உங்களோடு ஒத்துவரும் ஒரு ஆளை.

நான் தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். துகள் செய்ய எங்களுக்கு வாய்த்த மூலப்பொருள், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்து இறால் ஓடு. அமிலத்தில் சுண்ணாம்பையும் காரத்தில் புரதத்தையும் நீக்கினால் மிஞ்சுவது கைட்டின் என்ற நார்ப்பொருள். அதை அடர்ந்த சோடியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கினால், நீர்த்த அமிலத்தில் கரையக்கூடிய கைட்டோசான். (நாற்றம் தாங்காமல் கீழ்த்தளத்து வணிகவியல் துறை எழுத்திலேயே புகார் கொடுத்தது, அது வேறு கதை.) கைட்டோசானை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, காந்தக் கலக்கியில் சுழலவிட்டு, ட்ரைபாலிபாஸ்பேட் என்ற உப்பின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தெளிவாக இருந்த பீக்கர் அரிசி கழுவிய தண்ணீர் போல லேசாக வெளுக்கும். நானோ துகள் வந்துவிட்டது. கை கொஞ்சம் தாராளமானால் திரிந்து அடியில் தங்கிவிடும். 1997-இலேயே வெளிவந்த முறைதான்.

துகளின் அளவைத் தண்ணீரில் அளந்து முடித்தபோது விலங்கியல் மேடம் கேட்டார்: "சீரம் கலந்த மீடியத்துல அளந்தீங்களா சார்?" மீடியம் என்றால் செல் வளர்க்கும் திரவம். அதில் கலக்கும் சீரத்தில் உள்ள ரத்தப் புரதங்கள் துகளைப் போர்த்திக்கொள்ளும்; அளவும் மேற்பரப்பு மின்னூட்டமும் மாறும். செல் பார்ப்பது அந்தப் போர்வையைத்தான். எங்கள் நிதி விண்ணப்பமே அந்தக் கேள்வியை வைத்து எழுதியதுதான்.

'நுண்ணோக்கி இல்லாமல் நானோவா?' என்று சண்டைக்கு வரப்போகிறவர்களுக்கு: படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐஐடி மெட்ராஸில் கட்டணம் கட்டிச் சாம்பிள் கொடுக்கலாம். துளசி, வேப்பிலைச் சாற்றில் வெள்ளி நானோ துகள் செய்பவர்களையும் குறை சொல்லவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு இலையை மாற்றுவதற்குப் பெயர் ஆய்வுத் திட்டம் இல்லை.

வடசென்னையிலிருந்து சாம்பிளைத் தூக்கிக்கொண்டு தென்சென்னை ஐஐடிக்குப் போக நாங்கள் தயார். ஆனால் அங்கிருந்து ஒரு நிபுணரைக் கூப்பிட்டால், "தண்டையார்பேட்டையா? ஆன்லைனில் வைத்துக்கொள்ளலாமே" என்கிறார்கள். 2021 முதல் எங்களைத் தாண்டி விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது ஐயா!

சரி, கருவிக்கு வருவோம். கலக்கி, தண்ணீரைச் சுத்திகரிக்கும் நல்ல கருவி, துகள் அளவு பார்க்கும் கருவி, செல் வளர்க்க ஒரு சுத்தமான அறை, இந்த வரிசையில் போங்கள். கோட்டேஷன் கேட்கும்போதே யுபிஎஸ்ஸையும் ஏசியையும் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அப்புறம் தனியாகக் கேட்டால் எந்த கமிட்டியும் தராது.